வளைந்த கை: குத்துச்சண்டை வீரர் ஜோ பிரேசியர்

வென்றவர்களின் வரலாறு எழுதப்படும் அளவிற்கு அவர்களை எதிர்த்து நின்றவர்களின் வரலாறு எழுதப்படுவதில்லை. குத்துச்சண்டை என்றவுடன் நம் மக்களின் நாவில் முதலில் வரும் பெயர் முகம்மது அலி. அவர் இஸ்லாத்தைத் தழுவியதையும், 1967ஆம் ஆண்டு வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்துத் தம் உலகப் பட்டத்தை இழந்ததையும், மீண்டு வந்து வென்றதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமிதத்தோடு கூறக் கேட்டே நாம் வளர்ந்தோம். அந்த அன்பில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், தொழில்முறைக் களத்தில் அலியை முதன்முதலில் தோற்கடித்த மனிதரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் ஜோ பிரேசியர். உயரத்தில் குறைந்தவர், இடக்கையை முழுமையாக நீட்ட இயலாதவர், இடக்கண்ணின் பார்வை மங்கியவர். இம்மூன்று குறைகளுள் ஒன்று இருந்தாலே போதும், கனஎடைப் பிரிவில் கால் வைக்க வேண்டா என்று எவரும் அறிவுரை கூறிவிடுவர். அவரோ உலகப் பட்டத்தை வென்றார். 2011ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தம் 67ஆம் வயதில், கல்லீரல் புற்றுநோயால் காலமானார். அவருடைய குறைகள் எவ்வாறு திறனாக மாறின என்பதையும், உடற்குறையைவிட அவரை நெடுங்காலம் வருத்தியது எது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறந்த மண்ணும் வளர்ந்த சூழலும்

பிரேசியர் 1944ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில் பியூஃபோர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரூபின், தாய் டாலி. பிள்ளைகள் நிறைந்த அந்த ஏழைக் குடும்பம் நிலத்தை நம்பிப் பிழைத்தது. கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனி வாயில் என்று பிரித்து வைத்த காலம் அது. நிலம் உழுதவர் ஒருவர், விளைச்சலின் பயனை நுகர்ந்தவர் மற்றொருவர்.

தந்தை ரூபின் தம் இடக்கையை இழந்தவர். அவர் ஒரு கையால் செய்ய இயலாத வேலைகளுக்கெல்லாம் சிறுவன் ஜோ துணை நின்றான். தந்தை மரம் அறுத்தால் மகன் மறுபுறம் பிடித்துக்கொள்வான். தந்தை ஆணி அறைந்தால் மகன் ஆணியைப் பற்றிக்கொள்வான். தந்தைக்கு மகனே இடக்கையாக இருந்தான். பின்னாளில் உலகம் வியந்து பேசிய இடக்கைக்கு உரியவர், வாழ்வில் முதன்முதலாக ஏற்ற பணியும் ஓர் இடக்கையின் பணியே என்பது எண்ணி இன்புறத்தக்கது.

அவ்வீட்டிற்கு ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. உற்றாரும் அண்டை வீட்டாரும் கூடிக் குத்துச்சண்டை பார்ப்பர். கட்டுமத்தான சிறுவனைக் கண்ட உறவினர் ஒருவர், இவன் இன்னொரு ஜோ லூயிஸாக வருவான் என்று கூறினாராம். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலகப் பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்த கறுப்பின வீரர். உறவினர் விளையாட்டாகக் கூறிய சொல்லைச் சிறுவன் உள்ளத்தில் ஏற்றுக்கொண்டான். பயிற்சிப் பை வாங்கப் பணம் ஏது? பழைய சாக்கு ஒன்றில் கந்தல் துணி, சோளத்தக்கை, செங்கல் ஆகியவற்றைத் திணித்து, கருவாலி மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டான். நாள்தோறும் அதனைக் குத்திப் பழகினான். அவனுக்கு வாய்த்த முதற் பயிற்சிக்கூடம் அந்த மரநிழலே.

கை வளைந்த கதை

அவ்வீட்டில் ஒரு பெரிய பன்றி இருந்தது. ஒருநாள் சிறுவன் ஜோ அதனைச் சீண்டிவிட்டு ஓட, அது துரத்திற்று. ஓடிய வேகத்தில் விழுந்தவனின் இடக்கை செங்கல் ஒன்றின்மீது மோதிக் கடுங்காயம் உற்றது. மருத்துவரிடம் கொண்டு செல்லப் பணம் இல்லை. எலும்பு தானாகக் கூடட்டும் என்று விட்டுவிட்டனர். அது கூடியது, ஆனால் கை பிறகு நேராகவில்லை. முழங்கை சற்றே மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலர், அந்த விபத்தே அவருக்குக் கிடைத்த பேறு என்று முடித்துவிடுவர். நாம் அவ்வாறு எளிதில் முடித்துவிடுதல் கூடாது. ஒரு குழந்தையின் முறிந்த கைக்கு மருத்துவம் கிட்டாமற் போனது வறுமையின் கொடுமை. அதில் பாராட்டுதற்கு ஒன்றும் இல்லை. அக்கையைக் கொண்டு அவர் பிற்காலத்தில் ஆற்றிய உழைப்பே பாராட்டுதற்குரியது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். இல்லையேல், பிறர் துன்பத்தைக் கண்டும் உதவாது நின்று, அது அவர்க்கு நன்மையாகவே முடியும் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ளும் தீமை நம்மைப் பற்றிக்கொள்ளும்.

பதினைந்தாம் வயதில் பிரேசியர் பிறந்த ஊரை விட்டு வடக்கே புறப்பட்டார். முதலில் நியூயார்க்கில் தமையன் வீட்டில் தங்கினார். பின்பு பிலடெல்பியா நகரை அடைந்தார். அங்கே இறைச்சிக் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. குளிர் அறையில் தொங்கிய மாட்டிறைச்சித் துண்டங்களைக் குத்திப் பயிற்சி செய்தார். 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'ராக்கி' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் கதைத்தலைவன் இறைச்சித் துண்டத்தைக் குத்தும் காட்சியை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அது தம் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது என்று பிரேசியர் கூறிவந்தார்.

குத்துச்சண்டைக் கூடத்திற்குள் அவர் நுழைந்ததன் உடனடிக் காரணம் பட்டம் பெறும் ஆசைகூட அன்று. பருத்த உடலை இளைக்கச் செய்யவே சென்றார். காவல் துறையினர் இளைஞர்களுக்காக நடத்திய அக்கூடத்தில், யாங்க் டர்ஹாம் என்னும் பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். கையுறையிலிருந்து புகை கிளம்பும் வண்ணம் குத்து என்று டர்ஹாம் ஊக்குவார். அதுவே பின்னர் 'ஸ்மோக்கிங் ஜோ' என்னும் பட்டப்பெயராக நிலைத்தது.

டோக்கியோவில் மறைத்த வலி

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கான அமெரிக்கத் தேர்வுச் சுற்றில் பிரேசியர் தோற்றார். அவரை வென்றவர் பஸ்டர் மேத்திஸ். வாய்ப்பு முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில் மேத்திஸின் கையில் காயம் பட்டது. மாற்று வீரராகப் பிரேசியர் டோக்கியோ சென்றார்.

அரையிறுதியில் சோவியத் வீரர் வதிம் யெமெல்யானொவை வென்றபோது பிரேசியரின் இடக்கைப் பெருவிரல் முறிந்தது. அதனைச் சொன்னால் இறுதிப் போட்டியில் இறங்க விடமாட்டார்கள். எனவே வலியைத் தமக்குள்ளேயே மறைத்துக்கொண்டார். ஜெர்மானிய வீரர் ஹான்ஸ் ஹூபருடன் நடந்த இறுதிப் போட்டியில், தம் முதன்மை ஆயுதமான இடக்கையை அளந்தே பயன்படுத்தி, மூன்றுக்கு இரண்டு என்னும் நடுவர் தீர்ப்பில் வென்றார். அவ்வொலிம்பிக்கில் அமெரிக்கா குத்துச்சண்டையில் பெற்ற தங்கப் பதக்கம் அது ஒன்றே.

தாயகம் திரும்பியவருக்கு உடனே செல்வம் வந்து குவிந்துவிடவில்லை. முறிந்த விரலால் வேலை செய்ய இயலாது வறுமையில் வாடினார். 1965ஆம் ஆண்டு தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். பின்பு பிலடெல்பியா நகரத்து முதலீட்டாளர் பலர் பங்கு போட்டு 'குளோவர்லே' என்னும் நிறுவனத்தை அமைத்து அவருக்கு ஆதரவு நல்கினர். 1968இல், முன்பு தம்மைத் தோற்கடித்த அதே மேத்திஸை வென்றார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் ஜிம்மி எல்லிஸை வென்று, கனஎடைப் பிரிவின் உலகப் பட்டத்தைத் தமதாக்கினார்.

குறை கலையாகிய விதம்

இனி, இக்குறைகளைக் கொண்டு அவர் வென்றது எவ்வாறு என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். குத்துச்சண்டையில் உயரமும் கைநீளமும் பெருஞ்செல்வம். நீண்ட கையுடையவர் எட்ட நின்றே நேர்குத்துகளை விட்டு எதிரியை அண்டவிடாமல் காக்கலாம். குட்டையான கையுடையவர் குத்த வேண்டுமாயின், அந்த நேர்குத்துகள் பாயும் வெளியைக் கடந்து உள்ளே செல்ல வேண்டும். அந்த வெளியே ஆபத்து மிக்க இடம். அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம். பிரேசியரோ 6 அடிக்கும் சற்றுக் குறைந்தவர். 1971இல் இருவரும் மோதியபோது எடையிலும் ஏறத்தாழ பத்துப் பவுண்டு குறைந்தே இருந்தார்.

இதற்கு டர்ஹாமும், அவருடன் சேர்ந்து பயிற்றுவித்த எடி ஃபட்ச் என்னும் பேராசானும் கண்ட வழி, உயரக் குறையை மேலும் குறைப்பதே. இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, தலையை இடமும் வலமும் ஓயாது அசைத்தபடி முன்னேற வேண்டும். பயிற்சிக் கூடத்தின் குறுக்கே கயிற்றைக் கட்டி, அதன் அடியில் இப்புறமும் அப்புறமும் குனிந்து எழுந்து பழகினார் பிரேசியர். எதிரியின் குத்து, தலை இருந்த இடத்திற்கு வரும்பொழுது தலை அங்கே இராது. உயரமான எதிரியோ கீழ்நோக்கிக் குத்த வேண்டிய நிலைக்கு ஆளாவார். அவ்வாறு குத்துவது அவருக்குப் பழக்கமும் அன்று. அதில் வலிமையும் குறையும்.

உள்ளே புகுந்தபின் தேவைப்படுவது வளைந்த குத்து. லெஃப்ட் ஹூக் என்று கூறப்படும் இடக்கைக் கொக்கிக் குத்து, முழங்கையை மடக்கிய நிலையில் பக்கவாட்டிலிருந்து பாய்வது. அதன் வலிமை தோளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பாதத்தில் தொடங்கி, இடுப்பின் சுழற்சியில் பெருகி, மடங்கிய கை வழியாக முட்டியில் இறங்கும். நேராக நீட்ட இயலாத பிரேசியரின் கை, இக்குத்திற்கு ஏற்றவாறு எந்நேரமும் மடங்கியே இருந்தது. நேர்குத்திற்குக் குறையாக அமைந்தது எதுவோ, அதுவே கொக்கிக் குத்திற்குப் பொருத்தமாயிற்று.

இங்கே ஓர் உண்மையை உணர்தல் நலம். வளைந்த கை தானாக எவரையும் வீழ்த்தியதில்லை. அக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால்களும், குனிந்து எழும் இடுப்பும், வாங்கும் குத்துகளைப் பொறுக்கும் நெஞ்சுரமும் ஆண்டுக்கணக்கான பயிற்சியால் வந்தவை. மாணவனின் உடலை மாற்ற முயலாது, அவ்வுடலுக்கு ஏற்ற கலையை வகுத்தவர்கள் அவருடைய ஆசிரியர்கள். ஒரே அளவுகோலை எல்லா மாணவர்க்கும் நீட்டும் நம்போன்ற ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

கண்ணின் குறையோ வேறு வகையானது. அதனால் எப்பயனும் இல்லை. மறைத்து வாழ்வதே வழியாயிற்று. தம் இடக்கண்ணில் படலம் படர்ந்து பார்வை பெரிதும் குன்றியிருந்தது என்பதைக் களத்தில் இருந்த காலமெல்லாம் அவர் வெளியிடவில்லை. ஓய்வு பெற்றுப் பல்லாண்டு கழித்து, 1996இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலேயே விரிவாகக் கூறினார். இடப்புறமிருந்து வரும் குத்தைக் காணாமலேயே உணர வேண்டிய நிலையில் அவர் எத்தனை களங்களில் நின்றார் என்பதை எண்ணும்போது வியப்பும் மேலிடுகிறது, அச்சமும் மேலிடுகிறது.

அலியும் பிரேசியரும்

பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு அலி மூன்றாண்டுகளுக்கும் மேலாகக் களமிறங்க இயலாது இருந்த காலத்தில், அவருக்கு ஆதரவாகப் பேசியவர்களுள் பிரேசியரும் ஒருவர். அலிக்கு உரிமம் மீளக் கிடைக்க வேண்டும் என்று அவர் குரல் கொடுத்தார். பண உதவியும் செய்ததாகக் கூறியுள்ளார். அலியின் பட்டம் பறிக்கப்பட்டபோது, அவ்விடத்தை நிரப்ப உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ளவும் அவர் மறுத்தார்.

1971ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் இருவரும் மோதினர். இருவருமே அதுவரை தொழில்முறையில் தோல்வி அறியாதவர்கள். ஒவ்வொருவருக்கும் 25 இலட்சம் டாலர் ஊதியம். 'நூற்றாண்டின் சண்டை' என்று அதனை உலகம் அழைத்தது. அலி வலக்கையால் கீழிருந்து மேல்நோக்கிக் குத்த முற்படும்போது, ஒரு கணம் அவருடைய தாடையின் காவல் அகல்வதை ஃபட்ச் நுணுகிக் கண்டிருந்தார். அக்கணத்தில் இடக்கையை வீசு என்பதே அவர் மாணவருக்குக் கற்பித்த பாடம். பதினைந்தாவது, அதாவது இறுதிச் சுற்றில் அது நிகழ்ந்தது. பிரேசியரின் வளைந்த கை அலியின் தாடையில் பாய, அலி மல்லாந்து வீழ்ந்தார். உடனே எழுந்து சண்டையை முடித்தார் என்பது அவருடைய பெருமை. மூன்று தீர்ப்பாளரும் ஒருமனதாகப் பிரேசியருக்கே வெற்றி வழங்கினர். வென்றவரோ பல நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

அதே 1971இல் தென்கரோலினா சட்டமன்றத்தில் உரையாற்றப் பிரேசியர் அழைக்கப்பட்டார். கறுப்பின மக்களைப் பிரித்து வைத்திருந்த அம்மாநிலத்தில், ஏறத்தாழ நூறாண்டு கழித்து அம்மன்றத்தில் பேசிய முதற் கறுப்பினத்தவர் அவர். கந்தல் சாக்கைக் குத்திய சிறுவனுக்கு அம்மண் அளித்த அங்கீகாரம் அது.

வீழ்ச்சியும் மணிலாவும்

1973ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் பிரேசியரை ஆறு முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். ஆறு முறையும் பிரேசியர் எழுந்து நின்றார். நடுவரே போட்டியை நிறுத்தினார். முன்னோக்கித் தாழ்ந்து வரும் அவருடைய முறைக்கு, மேல்நோக்கி எழும் ஃபோர்மனின் பெருங்குத்துகள் பகையாயின. எந்தக் கலைக்கும் எல்லை உண்டு என்பதை அத்தோல்வி காட்டிற்று. 1974இல் அலியுடனான இரண்டாம் சண்டையிலும் தீர்ப்பின் வழியே தோற்றார்.

மூன்றாம் சண்டை 1975ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலாவை அடுத்த கேசோன் நகரில் நடந்தது. அமெரிக்க ஒளிபரப்பிற்காகக் காலை வேளையிலேயே தொடங்கிய அச்சண்டை, கடும் வெக்கையில் பதினான்கு சுற்றுகள் நீடித்தது. தொடக்கத்தில் அலி மேலோங்கினார். இடைச்சுற்றுகளில் பிரேசியர் மேலோங்கினார். பின்பு மீண்டும் அலி. பிரேசியரின் வலக்கண் வீங்கி மூடிக்கொண்டது. இடக்கண்ணோ முன்பே மங்கியது. அலியின் வலக்கை எங்கிருந்து வருகிறது என்பதை அவரால் காண இயலவில்லை. ஆயினும் பதினைந்தாம் சுற்றுக்கு எழ விரும்பினார்.

எடி ஃபட்ச் விடவில்லை. இன்று நீ செய்ததை எவரும் மறக்கமாட்டார்கள் என்னும் கருத்துப்பட மாணவரிடம் பேசிச் சண்டையை முடித்துவிட்டார். எதிர் மூலையில் அலியும் சோர்வின் எல்லையில் இருந்தார். இன்னும் ஒரு சுற்று நடந்திருந்தால் வெற்றி மாறியிருக்குமோ என்று இன்றளவும் விவாதிப்போர் உண்டு. தாம் பயிற்றுவித்தவர்க்குப் பட்டத்தைவிட உயிர் பெரிது என்று முடிவு செய்த ஆசிரியரின் செயல் அவ்விவாதங்களுக்கெல்லாம் மேலானது. தூண்டத் தெரிந்த ஆசிரியர் பலர்; நிறுத்தத் தெரிந்த ஆசிரியர் சிலரே.

1976இல் ஃபோர்மனிடம் மீண்டும் தோற்று ஓய்வு பெற்றார் பிரேசியர். 1981இல் ஒரு முறை மட்டும் திரும்பி வந்து சமன் செய்தார். மொத்தம் 37 தொழில்முறைச் சண்டைகள். 32 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். அந்நான்கு தோல்விகளும் அலி, ஃபோர்மன் என்னும் இருவரிடம் மட்டுமே.

சொல்லால் பட்ட காயம்

உடலில் பட்ட காயங்கள் ஆறின. ஆறாத ஒன்றும் இருந்தது. சண்டைகளுக்கு விளம்பரம் தேடும் முனைப்பில் அலி, பிரேசியரைப் பழித்துப் பேசினார். வெள்ளையருக்கு அடிவருடி என்னும் பொருளுடைய சொல்லால் அழைத்தார்; மணிலா சண்டையின்போது கொரில்லா என்று கேலி செய்தார்; கொரில்லாப் பொம்மையைச் செய்தியாளர் முன் குத்திக் காட்டினார். பன்றி துரத்த விழுந்து கை முறிந்த ஏழை உழவனின் மகன், தம் இனத்தாராலேயே அயலாராகக் கருதப்படும் நிலை உருவாயிற்று. அவருடைய பிள்ளைகளும் பள்ளியில் ஏளனத்திற்கு ஆளாயினர்.

அலியின் மேல் நாம் கொண்ட அன்பு இங்கே நம் கண்ணை மறைத்துவிடலாகாது. ஒருவரை ஒருவர் எள்ளி நகையாடுவதையும், இழிபெயர் சூட்டி அழைப்பதையும் நம் மார்க்கம் தெளிவாக விலக்கியுள்ளது. நாம் நேசிக்கும் ஒருவர் செய்தார் என்பதற்காக அது நல்லதாகிவிடாது. நம்மவரின் பிழையைப் பிழை என்று கூறுவதும் நேசத்தின் ஒரு கூறே.

பிரேசியர் அதனை எளிதில் மன்னிக்கவில்லை. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில், நடுங்கும் கையால் அலி தீபம் ஏற்றியதைக் கண்டு உலகம் கண்ணீர் சிந்தியபோது, பிரேசியர் அவரைத் தீக்குள் தள்ளியிருப்பேன் என்னும் பொருள்படக் கடுஞ்சொல் கூறினார். அச்சொல்லை நாம் போற்ற இயலாது. ஆயினும் அது எங்கிருந்து பிறந்தது என்பதை அறியாமல் அவரைப் பழிக்கவும் இயலாது. கண் மங்கியதையும் கை வளைந்ததையும் வென்றவரால், இருபது ஆண்டுக்கும் மேலாக ஒரு கேலிச்சொல்லை வெல்ல இயலவில்லை.

2001இல் அலி நாளிதழ் ஒன்றின் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். சண்டையின் வேகத்தில் சொல்லத் தகாதவற்றைச் சொல்லிவிட்டதாகவும், யாவும் விளம்பரத்திற்காகவே என்றும் கூறினார். மன்னிப்பு செய்தித்தாளுக்கு வந்ததேயன்றித் தமக்கு நேரில் வரவில்லை என்னும் குறை பிரேசியரிடம் இருந்தது. புண்படுத்தியவர், புண்பட்டவரின் வாயிலுக்கே சென்று நிற்க வேண்டும் என்னும் எளிய நீதியை அவர் எதிர்பார்த்தார். அவ்வாண்டிலேயே இருவரின் மகள்களும் குத்துச்சண்டை மேடையில் மோதினர் என்பது காலத்தின் விந்தை. அதில் லைலா அலி வென்றார். பிரேசியரின் மகள் ஜாக்கி வழக்கறிஞராக விளங்கி, பின்னர் நீதிபதியானார்.

2011 நவம்பரில் பிலடெல்பியாவில் நடைபெற்ற பிரேசியரின் இறுதிச் சடங்கிற்கு, நோயால் தளர்ந்திருந்த அலி வந்திருந்தார். பேசும் ஆற்றல் ஏறக்குறைய அவரை விட்டு நீங்கியிருந்தது. பிரேசியருக்காக எழுந்து நின்று கைதட்டுமாறு கூட்டத்தினர் வேண்டப்பட்டபோது, அலியும் எழுந்து கைதட்டினார். நாவால் செய்த பிழைக்கு, நாவு ஓய்ந்த காலத்தில் கைகள் விடை கூறின. அதனைப் பிரேசியர் கேட்கவில்லை. ஐந்தாண்டு கழித்து, 2016 சூன் 3ஆம் நாள் அலியும் மறைந்தார்.

நினைவும் நீதியும்

பிலடெல்பியாவின் வடபகுதியில் பிரேசியர் நெடுங்காலம் ஒரு பயிற்சிக் கூடத்தை நடத்தினார். தெருவில் திரியும் பிள்ளைகளுக்கு அது புகலிடமாயிற்று. 2008இல் அது மூடப்பட்டது. அவர் மறைந்த பின்னர், 2013இல் அக்கட்டடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அதே நகரத்தில் 'ராக்கி' என்னும் கற்பனைக் குத்துச்சண்டை வீரனுக்கு 1980களிலேயே சிலை இருந்தது. அந்நகரில் வாழ்ந்து, இறைச்சிக் கூடத்தில் உழைத்து, உலகப் பட்டம் வென்ற உண்மையான வீரருக்குச் சிலை எழுந்ததோ 2015ஆம் ஆண்டில். அவர் மறைந்து நான்காண்டு கழித்து. இடக்கையை வீசி அலியை வீழ்த்திய அக்கணமே அச்சிலையில் வடிக்கப்பட்டுள்ளது. கதைக்குக் கிடைத்த மதிப்பு, கதைக்கு உரியவருக்குக் காலம் தாழ்த்தியே கிடைத்தது.

ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், பொறியில்லாமை எவர்க்கும் இழிவாகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே இழிவு என்றும் கூறுகிறார். 'பொறி' என்பதற்கு விதி என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். உடலுறுப்பின் குறை என்று பொருள் கொள்வாரும் உளர். பிரேசியரின் வாழ்வு இவ்விரண்டு உரைக்கும் இடம் தருகிறது. பிறந்த சூழலும் அவருக்குத் துணை நிற்கவில்லை. உடலும் முழுமையாகத் துணை நிற்கவில்லை. துணை நின்றது ஆள்வினை ஒன்றே. அக்குறளில் முயற்சிக்கு முன்னே அறிவு வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. தம் கை எதற்குப் பயன்படாது, எதற்குப் பயன்படும் என்பதை அறிந்து முயன்றவர் பிரேசியர். குருட்டு முயற்சி அவரை அவ்வுயரத்திற்குக் கொண்டு சென்றிராது.

நம் வகுப்பறைகளிலும் உடற்குறையோடு வரும் மாணவர்கள் உள்ளனர். வறுமையோடு வருவோர் அவர்களினும் பலர். அவர்களைப் பார்த்து, பிரேசியரைப் போல் நீயும் வென்று காட்டு என்று கூறுவது எளிது. அவருக்கு வாய்த்த டர்ஹாமையும் ஃபட்சையும் போல் நாம் இருக்கின்றோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது கடினம். அம்மாணவர்களின் நடையையோ, பேச்சையோ, தோற்றத்தையோ குறித்து எவரேனும் சூட்டும் ஒரு பட்டப்பெயர், அவர்களின் நெஞ்சில் எத்தனை ஆண்டு தங்கும் என்பதற்குப் பிரேசியரின் வாழ்வு சான்று. அப்பெயரை வகுப்பில் கேட்டவுடன் தடுக்க வேண்டியது ஆசிரியர் கடமை. சொல்லாதிருக்க வேண்டியது மாணவர் கடமை.

அலியை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறும்போது, அவருக்கு எதிரே பதினைந்து சுற்றும் தளராது நின்ற அந்தக் குட்டையான மனிதரையும் சேர்த்தே கூறுவோம். அலியின் பெருமை அதனால் குறையாது. இருவரின் வாழ்வும் அப்போதுதான் முழுமையாக விளங்கும்.